ஹட்டன் ஓட்டோ எலெக்ட்ரிக் கடை: வேலை சுத்தம், நேரம்தான் சிக்கல்

என் பழைய நிசான் சனியின் லைட்டர் சொக்கெட்டில் போன் சார்ஜ் ஏறும். டயருக்குக் காற்றடிக்கும் பம்பை மாட்டினால் மட்டும் திணறும். ஹட்டனில் டிக்கோயாவுக்குப் போகும் வீதியில் உள்ள இந்தச் சின்னக் கடைக்குக் கொண்டுபோனேன்.

முன்பு பார்த்த ஒருவர் மீட்டரில் 12 வோல்ட் காட்டியதும் "சொக்கெட் நல்லா இருக்கு" என்று அனுப்பிவிட்டார். இந்தக் கடையின் பாஸ் சொக்கெட்டில் ஒரு ஹெட்லைட் பல்பைக் கொடுத்து, அது எரியும்போதே அளந்தார். 8 வோல்ட்டுக்கு இறங்கியது. "கரண்ட் இழுக்காம அளந்தா எல்லாம் நல்லாத்தான் தெரியும் தம்பி." எர்த் வயர் வண்டியின் இரும்பு உடலோடு சேரும் இடம் துருவேறிக் கிடந்தது. எங்கள் பக்கத்து மழைக்கும் மூடுபனிக்கும் கேட்கவா வேண்டும்? சுரண்டி, வயர் நுனிக்குப் புது லக் (பூட்டும் உலோக முனை) அடித்து, கிரீஸ் தடவினார். 15 அம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ செருகியிருந்த 30 அம்பியர் பியூஸையும் கழற்றி எறிந்தார். அது போவதற்குள் வயரே எரிந்திருக்கும்.

கூலி நியாயம். ஆனால் காலையில் விட்ட வண்டி பொழுது சாயத்தான் கைக்கு வரும். டெஷ்போர்டில் ஒரு ஸ்குரூவைப் பூட்டவும் மறந்துவிட்டார். கினிகத்தேனை வளைவுகளில் கடகடவென்கிறது.