வாடிக்குப் போகும் பிரிட்ஜ்: ஆறு வருட அனுபவம்

நெல்லுக் கதிர் முற்றத் தொடங்கினால் எங்கள் அப்பாவை வீட்டில் வைத்திருக்க முடியாது. முல்லைத்தீவு மாவட்டத்தில், முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே உள்ள வயலில், வாடி என்கிற காவல் குடிலில்தான் படுப்பார். யானை வரும், பன்றி வரும், தான் அங்கே நிற்கவேண்டும் என்பார். எழுபது தாண்டிய மனுசன், இரண்டு வேளை இன்சுலின் போடுகிறவர். வாடியில் கரண்ட் இல்லை. என்னுடைய பழைய ஹைலக்ஸ் பிக்கப்பில் 40 லீற்றர் பிரிட்ஜ் ஏறியது இதற்காகத்தான். மீனும் தயிரும் குளிர்தண்ணீரும் பிறகு வந்து சேர்ந்தவை.

2019இல் வாங்கினேன். இன்றைக்கும் அதே பெட்டி, அதே கொம்பிரசர். அதற்குக் கரண்ட் கொடுக்கிற ஏற்பாட்டை மட்டும் நாலு தடவை மாற்றியிருக்கிறேன். அதனால் பெட்டியைப் பற்றிக் கொஞ்சமும் வயரையும் பெற்றரியையும் பற்றி நிறையவும் எழுதுகிறேன்.

அதற்கு முன் முல்லைத்தீவு மீன்காரர் வைத்திருக்கிற மாதிரி றெஜிபோம் பெட்டியும் ஐஸும்தான். ஒருநாள் இன்சுலின் போத்தல் ஐஸோடு ஒட்டி உறைந்துவிட்டது. உறைந்த இன்சுலின் இளகினாலும் பாவிக்கக் கூடாது, எறியத்தான் வேண்டும். திறக்காத போத்தல் 2 முதல் 8 பாகை வரைக்குள் இருக்கவேண்டும். பிறகு ஒரு மலிவான ‘கூலர்’ பெட்டி வாங்கினேன். கொம்பிரசர் இல்லாத வகை. வெளிச்சூட்டைவிட ஒரு 18, 20 பாகை குறைக்கும், அவ்வளவுதான். ஆவணியில் வயல்வெளியில் 36 பாகை என்றால் உள்ளே 16, 18. நாள் முழுக்க ஓயாமல் கரண்டும் குடிக்கும். வன்னி வெயிலுக்குக் கொம்பிரசர் உள்ள பெட்டி மட்டும்தான் சரி.

முதலில் டாஷ்போர்டில் இருக்கிற சிகரெட் லைற்றர் சொக்கற்றில்தான் செருகினேன். எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள். ஒட்டுசுட்டானைத் தாண்டிக் கிரவல் ரோட்டில் இறங்கினால் வாகனம் உதறுகிற உதறலில் அந்தப் பிளக் மெதுவாகக் கழன்று வரும். முழுதாகக் கழன்றால் பரவாயில்லை, பார்த்துத் திரும்பச் செருகலாம். பாதி தொட்டும் தொடாமலும் நிற்கும்போது அந்த இடம் சூடேறும். ஒருநாள் வாடியில் இறங்கிப் பிளக்கை இழுத்தபோது விரல் சுட்டது. நுனிப் பிளாஸ்ரிக் இளகி, நடுவில் இருக்கிற ஊசி ஒரு பக்கம் சரிந்திருந்தது. பியூஸ் போகவேயில்லை. பிரிட்ஜ் எடுப்பது 5 அம்பியர்தான், அந்த சொக்கற்றின் பியூஸோ 15. சூடு கூடுகிறது என்பது பியூசுக்குத் தெரியாது.

அந்த நாட்களில் பெட்டி அடிக்கடி தானாக நின்றுபோகும். அதற்கும் காரணம் அந்த சொக்கற்றுக்குப் போகிற மெல்லிய வயர்தான். இரவு ஒன்பது மணிக்கு ரோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மல்ரிமீற்றரால் அளந்து பார்த்தேன். பெற்றரி முனையில் 12.3 வோல்ற். பின்னால் பெட்டியின் பிளக்கில், கொம்பிரசர் ஓடும்போது 11.7. வோல்ற் இறங்கினால் பெட்டியைத் தானாக நிறுத்துகிற பெற்றரிப் பாதுகாப்பை நான் ‘ஹை’யில் வைத்திருந்தேன், என் பெட்டியில் அது 11.8இல் வெட்டும். பெற்றரியில் இன்னும் பாதிக்கு மேல் இருக்க, பெட்டி மட்டும் முடிந்துவிட்டது என்று நினைத்து நிற்கிறது. கணக்கும் ஒத்துவந்தது. 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர், போக வர 10 மீற்றர், 5 அம்பியர் என்றால் கிட்டத்தட்ட 0.6 வோல்ற் வயரிலேயே போய்விடும். அதே தூரத்துக்கு 16 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் 0.06கூட இழக்காது. பலரும் பெட்டியைத் திட்டிவிட்டு வேறு பெட்டி வாங்குவது இந்த இடத்தில்தான். எனக்கு அது மனவருத்தம், ஏனென்றால் நானும் வாங்கப் பார்த்தவன்.

கிளிநொச்சியில் வயரிங் வேலை செய்கிற ஒரு அண்ணையிடம் தடித்த வயர் இழுத்தேன். பெற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ், பின்னால் உதறலுக்குக் கழலாத அன்டர்சன் பிளக். வேலை சுத்தம். ஆனால் பொனற்றிலிருந்து உள்ளே வரும் தகர ஓட்டைக்கு றப்பர் வளையம் போடாமல் விட்டிருந்தோம், நானும் கவனிக்கவில்லை. எட்டு மாதத்தில் தகர விளிம்பு வயரின் தோலை அறுத்து, ஒருநாள் டப்பென்று பியூஸ் போனது. அந்தப் பியூஸ் பெற்றரிக்குப் பக்கத்தில் இல்லாமல் பின்னால் இருந்திருந்தால் வாகனம் எரிந்திருக்கும்.

அடுத்தது இரண்டாவது பெற்றரி. சூடான நாட்களில் என் பெட்டி 24 மணித்தியாலத்துக்கு 45 அம்பியர்-அவர் எடுக்கிறது (ஒரு அம்பியர் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு அம்பியர்-அவர்). பகலில் சராசரி இரண்டரை அம்பியர், இரவில் ஒன்றே கால். ஸ்ராட் பெற்றரி 70 அம்பியர்-அவர், அதில் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. அப்படியென்றால் ஒரு நாள்கூடத் தாங்காது. இறக்கினால் விடிய வாகனம் ஸ்ராட் ஆகாது, வாடியிலிருந்து தள்ள ஆளும் இல்லை. 13.3 வோல்ற்றில் இரண்டு பெற்றரியையும் சேர்த்து, 12.8இல் பிரிக்கிற ரிலே ஒன்றைப் போட்டேன். என்னுடையது போன்ற பழைய வாகனத்தின் ஓல்ரனேற்றர் (எஞ்சின் ஓடும்போது பெற்றரியைச் சார்ஜ் பண்ணுவது) 14 வோல்ற்றுக்கு மேல் நிலையாகக் கொடுக்கும் என்பதால் அது மூன்று வருடம் ஒழுங்காக வேலை செய்தது. புதிய வாகனங்களில் டீசல் மிச்சம் பிடிக்க ஓல்ரனேற்றர் தானாகவே வோல்ற்றைக் குறைத்துவிடும். அவற்றுக்கு இந்த ரிலே சரிவராது, குறைந்த வோல்ற்றை உயர்த்திச் சார்ஜ் பண்ணுகிற டிசி-டிசி சார்ஜர்தான் வேண்டும்.

2022 பொருளாதார நெருக்கடியில் நாட்டில் டீசல் இல்லை. ஓடாத வாகனத்தில் இரண்டாவது பெற்றரி இருந்தென்ன? மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. வீட்டுப் பிரிட்ஜையும் நம்ப முடியாது. கடன் பட்டு 160 வாற் சோலர் பலகை ஒன்று வாங்கி வாகனக் கூரையில் பூட்டினேன். முற்றத்தில் நின்ற அந்த ஹைலக்ஸில் அப்பாவின் போத்தலோடு பக்கத்து வீட்டு அக்காவின் போத்தல், அடுத்த ஒழுங்கை ஐயாவின் போத்தல், இன்னும் இரண்டு பேருடையது இருந்தன. பிளாஸ்ரர் ஒட்டிப் பெயர் எழுதி அடுக்கி வைத்தோம். அந்த மாதங்களில் எஞ்சினை ஒரு நாளும் பிரிட்ஜுக்காக ஸ்ராட் பண்ணவில்லை. இந்தப் பெட்டிக்குச் செலவழித்த ஒவ்வொரு சதமும் அன்றைக்கே எனக்குத் திரும்பிவிட்டது.

சோலரைப் பற்றி நேராகச் சொல்கிறேன். 160 வாற் என்று எழுதியிருந்தாலும் தட்டையாகக் கிடக்கும் பலகை உச்சி வெயிலில் 110 அளவில்தான் தரும். நல்ல நாளில் பெட்டியின் தேவையைக் கிட்டத்தட்ட ஈடுகட்டும். பாலை மர நிழலில் வாகனத்தை விட்டால் பெட்டிக்கு நல்லது, பலகைக்குக் கூடாது. நான் பலகையைக் கழற்றி ஐந்து மீற்றர் வயரோடு வெயிலில் வைத்துவிட்டு வாகனத்தை நிழலில் விடுகிறேன். கிரவல் புழுதியை இரண்டு நாளுக்கு ஒருமுறை துடைக்கவேண்டும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழை மூடிய நாட்களில் கால்வாசி கிடைத்தால் பெரிய விசயம்.

அதனால்தான் 2023இல் கடைசி மாற்றம். 100 அம்பியர்-அவர் லிதியம் பெற்றரியும் 20 அம்பியர் டிசி-டிசி சார்ஜரும். ஈயப் பெற்றரியில் பாதிதான் எடுக்கலாம், இதில் பெரும்பகுதியை எடுக்கலாம், நிறையும் பாதிக்குக் குறைவு. பொனற்றுக்குள் மட்டும் வைக்காதீர்கள். 45 பாகைக்கு மேல் இதைச் சார்ஜ் பண்ணக் கூடாது, எஞ்சின் பக்கத்தில் அதைவிடக் கூடுதலாகக் கொதிக்கும். என்னுடையது பின் சீற்றுக்குக் கீழே. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு ஏ34 ரோட்டில் போய்வந்தால் ஒரு நாள் பெட்டிக்குத் தேவையானதில் முக்கால்வாசி ஏறிவிடுகிறது. விலை கூடத்தான். வாரத்தில் ஒருநாள் மட்டும் வெளியே போகிறவருக்கு இது தேவையில்லை, தடித்த வயரும் ரிலேயும் போதும்.

பெட்டியின் அடியும் பக்கச் சுவரும் 4 பாகையில் வைத்தாலும் சில வேளை பூச்சியத்துக்குக் கீழே போகின்றன. இன்சுலினை மேல் கூடையில், துணியில் சுற்றி, பக்கத்தில் ஒரு தனி வெப்பமானி வைத்துத்தான் வைக்கிறேன். அப்பா படுக்கப்போகுமுன் அதைப் பார்த்துவிட்டு, “தம்பி, நாலரை நிக்குது” என்று போனில் சொல்வார்.

இந்த வருடம் இரண்டு பழுது. காற்றாடிப் பக்கம் புழுதி அடைத்து பெட்டி நிற்காமல் ஓடியது, பிரஷால் தட்டி எடுத்ததும் சரியானது. மற்றது எலி. கொட்டிலில் ஒரு கிழமை நின்றபோது பலகையின் வயரைக் கடித்துச் செம்பு தெரிய விட்டிருந்தது. இப்போது எல்லா வயரும் நெளிவுக் குழாய்க்குள்.