நிலத்தடி லூப் ஏசி: சென்னை வீட்டுக்குச் சரிப்படுமா?

வீட்டுச் சூட்டை வெளிக்காற்றில் விடாமல், நிலத்தில் புதைத்த குழாய் வளையத்தில் (லூப்) ஓடும் தண்ணீர் வழியாக மண்ணுக்குள் இறக்கி, கரண்ட்டை மிச்சப்படுத்தப் பார்க்கும் ஏசி இது. ஹீட்டிங்கும் சேர்த்துக் கிடைக்கிறதே என்று இதை வாங்காதீர்கள். சென்னையில் அது தேவையில்லை, சிக்கலும் அங்கேதான். குளிர்நாடுகளில் கோடையில் மண்ணுக்குள் இறக்கிய வெப்பத்தைக் குளிர்காலத்தில் திரும்ப எடுத்துவிடுவார்கள். இங்கே ஏற்கெனவே 28 டிகிரியை ஒட்டியிருக்கும் மண்ணில் வருடம் முழுக்க வெப்பத்தைக் கொட்டிக்கொண்டே இருப்போம்.

3 டன் ஏசி என்றால் 10.5 கிலோவாட் குளிர்ச்சி. கம்ப்ரசர் சூடும் சேர்ந்து மண்ணுக்குப் போவது சுமார் 13 கிலோவாட். துளையின் ஒவ்வொரு மீட்டரும் 40 வாட் வெப்பத்தை மண்ணுக்குள் விடும் என்று வைத்தாலே 325 மீட்டர் துளை வேண்டும்: 110 மீட்டர் ஆழத்தில் மூன்று போர், இடையில் 6 மீட்டராவது விட்டு. அரை கிரவுண்ட் மனையில் வீடு போக அதற்கு இடம் கிடைப்பது கஷ்டம். டன்னுக்கு 150 அடி போதும் என்று கொட்டேஷன் கொடுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள். லூப் தண்ணீர் சூடேற ஏற கரண்ட் மிச்சம் கரைந்துவிடும்.

பல்லாவரம் பாறை வெப்பத்தை நன்றாகக் கடத்தும், துளைக்கும் கூலிதான் ஏறும். திருவான்மியூர் மணலில் கேசிங் இல்லாமல் துளை சரியும். செலவில் பெரும்பங்கு இந்தப் போருக்கே. அந்தப் பணத்தில் மொட்டைமாடிக்கு வெப்பத்தடுப்பு, 5 ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசி போடுவதே என் சிபாரிசு.

இடமிருந்து போடுபவர்கள், துளையில் பெண்டோனைட் (ஒருவகைக் களிமண்) கலவை நிரப்பும் முன், லூப்பின் எச்டிபிஇ பிளாஸ்டிக் குழாய்க்குப் பிரஷர் டெஸ்ட் கேளுங்கள். மூடிய பிறகு கசிவைச் சரிசெய்ய வழியில்லை.