வெள்ளரிக்காய் சாலட்: தயிரா, மயோனைஸா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துப் பிரியாணியோ வீட்டுக் கோழிப் பொரியலோ, பக்கத்தில் குளுகுளுவென்று வெள்ளரிக்காய் வேண்டும். எதில் கலப்பது?

விலை: தயிர் மலிவு. மயோனைஸ் கூடுதல்தான், ஆனால் திறந்த பிறகும் ஐஸ்பெட்டியில் வாரக்கணக்கில் நிற்கும்.

தண்ணீர்: தகராறே இங்கேதான். வெள்ளரிக்காயில் சுமார் 95 விழுக்காடு தண்ணீர். உப்புப் பட்டதும் கசியும். தயிர் உடனே மோராகிவிடும். மயோனைஸ் எண்ணெய்க் கலவை, சற்றுத் தாங்கும். எதுவானாலும் மெலிசாக நறுக்கி, உப்பிட்டு 10 நிமிடம் வைத்து, நன்றாகப் பிழியுங்கள்.

ருசி: தயிருக்குக் கடுகு, கறிவேப்பிலை தாளிப்பு. மயோனைஸ் திகட்டும், எலுமிச்சை பிழியாமல் என்னால் முடியாது.

மொறுமொறுப்பு: இரண்டுக்கும் பாவாங் கோரேங் (பொரித்த சின்ன வெங்காயம்), வறுத்த நிலக்கடலை. பரிமாறும்போதுதான் தூவணும், இல்லையென்றால் நமத்துவிடும்.

பிரியாணிக்குத் தயிர். சாண்ட்விச்சுக்கும் பிள்ளைகளின் பள்ளி டப்பாவுக்கும் மயோனைஸ், அதுவும் ஐஸ் பொதியோடு. கோலாலம்பூர் வெயில் பொல்லாதது.