டஸ்கீகீயில் கார்வர் அருங்காட்சியகம்: போகலாமா?

தாராளமாகப் போகலாம். அட்லாண்டாவிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். அலபாமாவின் டஸ்கீகீ பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. கட்டணம் கிடையாது. ஒரு காலத்தில் கல்லூரியின் சலவைக்கூடமாக இருந்த கட்டடம், ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம்.

வேளாண்மை படித்தவன் என்பதால் எனக்கு அந்த ஒரு மணி நேரம் போதவில்லை. இந்தக் கல்லூரியில் பணியாற்றிய கறுப்பின வேளாண் விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்றாலே கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் என்று பலரும் சொல்வார்கள். அது அவர் கண்டுபிடித்ததில்லை. பருத்தியே போட்டுப் போட்டுச் சக்கையாகிப்போன மண்ணில் கடலையும் தட்டைப்பயறும் போடுங்கள், தழைச்சத்து திரும்பும் என்று ஏழைக் கறுப்பின விவசாயிகளுக்குப் புரியவைத்தவர். அவர்களால் கல்லூரிக்கு வர முடியாதே! அதனால் 1906-இல் ஒரு வண்டியில் கருவிகளையும் விதைகளையும் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார்கள். நம் ஊர் வேளாண் விரிவாக்க அலுவலர்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம்.

வெளியே வந்ததும் பழைய கட்டடங்களின் செங்கல்லைக் கவனியுங்கள். மாணவர்களே அறுத்துச் சுட்டது. 1881-இல் கறுப்பினத்தவருக்காக இந்தக் கல்லூரி தொடங்கியபோது மாநில அரசு தந்த 2,000 டாலர் ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டும்தான், கட்டடத்துக்கு ஒரு காசு இல்லை. மூன்று சூளைகள் வீணாய்ப் போன பிறகு, கல்லூரி முதல்வர் புக்கர் டி. வாஷிங்டன் தன் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து நான்காவது சூளையைப் போட்டார். கல் தேறியது, கடிகாரம் மூழ்கிப்போனது.

"இந்தக் காலத்தில் கறுப்பினத்தவருக்கென்று தனிக் கல்லூரி எதற்கு?" என்று கூட வந்த நண்பர் கேட்டார். கால்நடை மருத்துவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 20 மைல் தள்ளி ஆபர்னில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1945-க்கு முன்பே இருந்தது. ஆனால் ஆபர்ன் பல்கலைக்கழகம் முதல் கறுப்பின மாணவரைச் சேர்த்தது 1964-இல்தான். டஸ்கீகீ காத்திருக்காமல் 1945-இலேயே சொந்தமாக ஒன்றைத் தொடங்கிவிட்டது. இன்று அமெரிக்காவின் கறுப்பினக் கால்நடை மருத்துவர்களில் பெரும்பாலோர் இங்கே படித்தவர்கள். இங்கே இப்போது யார் வேண்டுமானாலும் சேரலாம் என்பதையும் நண்பரிடம் சொன்னேன்.

இது இன்றும் இயங்கும் கல்லூரி, ஆகவே விடுமுறை நாளைத் தவிர்த்து, வகுப்பு நடக்கும் நாளில் போங்கள். வாஷிங்டன் வாழ்ந்த 'தி ஓக்ஸ்' வீடு திறந்திருக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அவரையும் கார்வரையும் அடக்கம் செய்த இடம் வளாகத்துத் தேவாலயத்தை ஒட்டியே இருக்கிறது, நடந்தே போய்விடலாம். கோடையில் போனால் தொப்பியும் தண்ணீரும் அவசியம்.