பாரிமுனையில் மருதம்பட்டை வாங்கப் போகிறவர்களுக்கு

சென்னைப் பாரிமுனையை அடுத்த ராசப்ப செட்டித் தெருவின் நாட்டு மருந்துக் கடைகளுள் ஒன்றில், இதயத்துக்கு நல்லதென்று பலரும் வாங்கிச் செல்லும் மருதம்பட்டையைப் பட்டையாகவும் பொடியாகவும் வாங்கினேன். பட்டையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பொடியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கோணிப்பையிலிருந்து முறத்தில் அள்ளிப்போட்டு, தூசும் நாரும் புடைத்து நீக்கிய பிறகே பட்டையை எடை போட்டார்கள். மேற்புறம் வெளிறிய சாம்பல் நிறம், உட்புறம் இளஞ்சிவப்பு. பூஞ்சை வாடை துளியும் இல்லை. ஒரு சிறு துண்டை மென்றதும் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. பொடியிலோ அந்தத் துவர்ப்பு பாதிகூட இல்லை. உறையில் அரைத்த தேதியைக் காணோம். 'இதய அடைப்பை நீக்கும்' என்ற வாசகம் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கிறது.

அந்த வாசகத்துக்கு ஆதாரம் போதாது. இதயத்தைத் தூண்டும் ஐசோபுரோட்டரினால் என்ற மருந்தை மிகையாகக் கொடுத்து இதயத் தசையைச் சேதப்படுத்திய எலிகளில், மருதம்பட்டைச் சாறு அச்சேதத்தைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. கடுமையான இதயச் செயலிழப்பு உடையவர்களுக்கு, வழக்கமான மருந்துகளை நிறுத்தாமலே பட்டைச் சாறும் கொடுத்துப் பார்த்து, பலன் தெரிந்ததாக 1995-இல் வெளியான ஆய்வில் பங்கேற்றவர்கள் வெறும் 12 பேர். 2016-இல் வெளியான டெல்லி எய்ம்ஸ் ஆய்விலோ, 12 வாரங்கள் கொடுத்தும் இதயம் இரத்தத்தை வெளித்தள்ளும் திறன் கூடவில்லை. ஆக, நம்பிக்கை தரும் மூலிகை என்று சொல்லலாமே தவிர, அடைப்பை நீக்கும் என்று அச்சடிப்பது அத்துமீறல். (மூலிகை என்றாலே தீங்கில்லை என்பவர்கள், இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடிய அரளி விதையை ஒரு கணம் நினைத்துக்கொள்வது நல்லது.)

கல்லாவில் இருந்த பெரியவர் உறையைவிடப் பொறுப்பானவர். "ஐயா, பிரஷர் மாத்திரை, இரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா? அப்படின்னா டாக்டரைக் கேட்டுட்டு வந்து வாங்கிக்குங்க" என்று, விற்பனை கைநழுவினாலும் பரவாயில்லை என்பதுபோல் சொன்னார். பாலும் தண்ணீரும் கலந்து, தண்ணீர் வற்றும்வரை பட்டையைக் காய்ச்சி வடிகட்டும் பழைய முறையையும் அவரே விளக்கினார்.

பொடிதான் வேண்டுமென்பவர்கள் பட்டையாக வாங்கி, அங்கேயே கண்ணெதிரில் அரைத்துத் தரச் சொல்லலாம். அரைப்புக் கூலி தனி. மாலை நெரிசலில் அதற்கு வெகுநேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பதால் காலையில் செல்வது உத்தமம்.