ஒரே லைவ், மூன்று தளங்கள்: நகல் எங்கே எடுப்பது?

யூடியூப், ஃபேஸ்புக், ட்விட்ச் மூன்றிலும் ஒரே நேரத்தில் லைவ் போக, ஒரே வீடியோவை மூன்று நகலாக்கி அனுப்ப வேண்டும். அந்த நகல் உருவாக மூன்று இடங்கள் உண்டு: உங்கள் கணினி, ஒரு நகலை வாங்கிப் பல தளங்களுக்கு அனுப்பும் ரீஸ்ட்ரீம் போன்ற ரிலே சேவை, நீங்களே வாடகைக்கு எடுக்கும் சர்வர். எதைப் பிடித்தாலும் தலைவலி முற்றாகத் தீராது. வேறொரு இடத்துக்குப் போகும், அவ்வளவுதான்.

முதலில் அப்லோட் கணக்கு. 1080பி, நொடிக்கு 60 ஃப்ரேம், வீடியோ 6000 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட்; இதுதான் பிட்ரேட்), ஆடியோ 160 என்றால் ஒரு நகலுக்கு 6.16 எம்பிபிஎஸ். கணினியிலிருந்தே மூன்று தளங்களுக்கும் அனுப்பினால் 18.5. இணைப்பு ஏறி இறங்கும் என்பதால் 25 எம்பிபிஎஸ் அப்லோட் நிலையாகக் கிடைத்தால்தான் நிம்மதி. ரிலேவுக்கோ சொந்த சர்வருக்கோ ஒரே நகல் போதும். 9 எம்பிபிஎஸ் இருந்தால் சமாளிக்கலாம். ஸ்பீட் டெஸ்ட்டில் ஒரு கணம் எட்டிய உச்சத்தை நம்ப வேண்டாம். அரை மணி நேரம் ஓடவிட்டு, கீழே எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள்.

அப்லோட் தாராளமாக இருந்தால் கணினி வழிக்கே என் ஓட்டு. ஓபிஎஸ் என்ற ஒளிபரப்பு மென்பொருளில் மல்டி ஆர்டிஎம்பி ப்ளகினைப் போட்டு (ஆர்டிஎம்பி என்பது லைவ் வீடியோவைத் தளத்துக்கு அனுப்பும் நெறிமுறை), ஒவ்வொரு தளத்துக்கும் சர்வர் முகவரியும் ஸ்ட்ரீம் கீயும் (உங்கள் சேனலுக்கான ரகசியக் குறியீடு) கொடுத்தால் வேலை முடிந்தது. வீடியோவைச் சுருக்கும் என்கோடரை மட்டும் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். ஓபிஎஸ்-இன் பிரதான என்கோடரையே பகிரச் சொன்னால் கணினி ஒருமுறைதான் என்கோட் செய்யும். தளத்துக்கு ஒரு என்கோடர் வைத்தால் சுமை அத்தனை மடங்கு. சாதாரண என்விடியா கிராஃபிக்ஸ் அட்டைகளில் ஒரே நேரத்தில் ஓடும் என்கோடிங்குக்கு உச்சவரம்பும் உண்டு. பழைய டிரைவர்களில் அது 3-ஐத் தாண்டாது.

பகிர்வதிலும் ஒரு பொறி இருக்கிறது. நெரிசல் வந்தால் பிட்ரேட்டைத் தானே குறைக்கும் வசதியை ஓபிஎஸ்-இல் இயக்கியிருந்தால், பிரதான தளத்துக்கான பாதை திணறும்போது என்கோடரின் பிட்ரேட்டே குறையும். மற்ற இரண்டு தளங்களும் காரணமே இல்லாமல் மங்கிப்போகும். பகிர்ந்த என்கோடர் என்றால் அந்த வசதியை அணைத்துவிடுவது நல்லது.

ஆனால் தளத்துக்கு ஏற்ற தரம் வேண்டுமென்றால் தனி என்கோடர்தான் வழி. ட்விட்சுக்கு 6000 கேபிபிஎஸ். 1080பி 60-க்கு யூடியூப் பரிந்துரைப்பதோ ஹெச்.264 கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கும் முறை) 12 எம்பிபிஎஸ். இன்ஸ்டாகிராமுக்கு 9:16 நெடுக்குப் படம் வேண்டும். அதற்கு இரண்டாவது கேன்வாஸும் (காட்சியை அடுக்கும் பரப்பு) இரண்டாவது என்கோடரும் தேவை.

வந்ததை அப்படியே நகலெடுக்கும் ரிலேவில் இந்தச் சுதந்திரம் இல்லை. பட்டியலில் எந்தத் தளத்தின் வரம்பு குறைவோ, எல்லாருக்கும் அதுதான். ட்விட்சைச் சேர்த்த கணமே யூடியூப்புக்கும் 6000 போகும். கோடெக்கிலும் அப்படியே: எல்லாத் தளங்களும் ஏற்பது ஹெச்.264, கீஃப்ரேம் (முழுப் படமாகப் போகும் ஃப்ரேம்) இடைவெளி 2 நொடி. ஓபிஎஸ்-இல் அந்த இடைவெளியை 0 என்று, அதாவது தானியங்கியாக, விட்டுவைத்தால் இடைவெளி நீண்டு தளம் எச்சரிக்கை காட்டும். ரிலேவின் பலம் வேறு: கணினியில் சுமை ஏறாது, தளங்களின் கணக்குகளை ஒரே பக்கத்தில் இணைக்கலாம், தலைப்பை ஒரே இடத்தில் மாற்றலாம். பலவீனம், அந்தச் சேவை விழுந்தால் மூன்றும் சேர்ந்து விழும். தளத்தில் கடவுச்சொல்லை மாற்றினால் அந்த இணைப்பும் அறுந்துபோகலாம். லைவ் தொடங்கும் நேரத்தில்தான் அது தெரியவரும்.

ஸ்ட்ரீம்யார்ட் மாதிரி பிரவுசர் ஸ்டுடியோக்களும் ரிலே வகைதான். தொலைவிலிருந்து விருந்தினர்களை அழைத்துப் பேசும் நிகழ்ச்சிக்கு அவைதான் சுலபம். கேம் ஸ்ட்ரீமுக்கு வேண்டாம்.

சொந்த சர்வர் பிடிவாதக்காரர்களுக்கு. என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளின் ஆர்டிஎம்பி மாட்யூலை நிறுவி, 1935 போர்ட்டில் கேட்க வைத்து, தளத்துக்கு ஒரு 'புஷ்' வரி எழுதினால் நகல் பறக்கும். ஃபேஸ்புக்கில்தான் முதல் அடி விழும். அது ஆர்டிஎம்பியின் குறியாக்க வடிவமான ஆர்டிஎம்பிஎஸ் மட்டுமே ஏற்கும். அந்த மாட்யூலின் புஷ்ஷுக்கு அது தெரியாது. எஸ்டனல் நிரலை கிளையன்ட் முறையில் வைத்து, சர்வருக்குள்ளேயே ஒரு போர்ட்டில் வாங்கி, ஃபேஸ்புக்கின் 443 போர்ட்டுக்குக் குறியாக்கம் செய்து அனுப்ப வேண்டும். யார் பப்ளிஷ் செய்யலாம் என்பதை உங்கள் ஐபிக்கு மட்டும் என்று பூட்டாவிட்டால், முகவரியைக் கண்டுபிடிக்கும் எவரும் உங்கள் சேனலில் லைவ் விடலாம்.

எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ நிரல் ஆர்டிஎம்பிஎஸ் பேசும் என்பதால், ஒரே வீடியோவைப் பல இடங்களுக்கு அனுப்பும் அதன் 'டீ' அவுட்புட்டைப் பலர் நாடுகிறார்கள். அதன் இயல்பு கடுமையானது: ஒரு தளம் தோற்றால் மொத்தமும் நின்றுவிடும். ஒவ்வொரு தளத்துக்கும் 'ஆன்ஃபெயில்' மதிப்பை 'இக்னோர்' என்று வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை வைக்கும் ஃபிஃபோ வசதியையும் இயக்க வேண்டும். ஃபிஃபோ இல்லாவிட்டால் ஒரு தளம் மெதுவானாலே மற்றவையும் காத்துக்கிடக்கும்.

சர்வர் வாடகையில் டேட்டா அளவையும் பாருங்கள். ஒரு நகல் மணிக்கு 2.77 ஜிபி, மூன்று தளங்களுக்கு வெளியே போவது 8.3 ஜிபி. மாதம் 1 டிபி வரம்பு என்றால் சுமார் 120 மணி நேரம், வெளியே போவதை மட்டும் எண்ணினால். உள்ளே வருவதையும் சேர்த்து எண்ணும் நிறுவனத்தில் 90.

ஃபேஸ்புக் லைவ் 8 மணி நேரத்தில் முடிந்துவிடும். யூடியூப்பில் 12 மணியைத் தாண்டினால் முழுப் பதிவும் கிடைக்கும் என்று நம்ப முடியாது. ட்விட்ச் 2023 அக்டோபரில்தான் ஒரே நேர ஒளிபரப்பை எல்லாருக்கும் திறந்துவிட்டது, நிபந்தனைகளோடு: ட்விட்சில் தரம் பிற தளங்களைவிடக் குறையக்கூடாது, பார்ப்பவரை வேறு தளத்துக்கு இழுக்கும் லிங்க்குகளும் கூடாது.

ஒத்திகைக்கு யூடியூப்பைப் பிரைவேட்டிலும் ஃபேஸ்புக்கை 'நான் மட்டும்' என்றும் வைத்து மூன்றையும் ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். யூடியூப்பில் முதல்முறை லைவ் இயக்க 24 மணி நேரம் வரை ஆகும் என்பதால் அதை முந்தின வாரமே முடித்துவிடுங்கள். ஓட்டும்போது ஓபிஎஸ்-இன் புள்ளிவிவரப் பலகையில் நெட்வொர்க்கால் விழுந்த ஃப்ரேம் ஏறினால் தளத்தையோ பிட்ரேட்டையோ குறைக்க வேண்டும். என்கோடிங் தாமதத்தால் தவறிய ஃப்ரேம் ஏறினால் என்கோடரின் ப்ரீசெட்டை (வேகத்தையும் தரத்தையும் தீர்மானிக்கும் அமைப்பு) இலகுவாக்க வேண்டும்.