செட்டிநாட்டு வீட்டுக்கு எந்த நாய்: லாப்ரடாரா, சிப்பிப்பாறையா, நாட்டுக்குட்டியா?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்தில் நாய் வளர்க்க விரும்புகிற குடும்பங்கள் இப்போது பெரும்பாலும் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றன: விலைக்கு வாங்கும் லாப்ரடார், தென்மாவட்ட வேட்டைநாயான சிப்பிப்பாறை, தெருவில் பிறந்து யாரேனும் எடுத்து வளர்க்கும் நாட்டுக்குட்டி. எங்கள் வீட்டில் வளர்வது நாட்டுக்குட்டி. செவலை நிறப் பெண் நாய். அதே தெருவில் அண்ணன் வீட்டில் லாப்ரடார் வளர்வதால் அதன் பராமரிப்பையும் அன்றாடம் பார்த்து வருகிறேன். சிப்பிப்பாறையைத் தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்தில் பார்த்துப் பழகியதோடு சரி. ஆகவே இந்த ஒப்பீட்டில் என் மனம் நாட்டுக்குட்டியின் பக்கமே சாய்ந்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாயின் வியர்வைச் சுரப்பிகள் முக்கியமாகப் பாதங்களில்தான் இருக்கின்றன. உடல் சூட்டை அது மூச்சிரைத்தே தணித்துக்கொள்கிறது. குளிர்ந்த நீரில் இறங்கி வேலை செய்வதற்கென உருவான லாப்ரடாருக்கு மேல்முடிக்கு அடியில் அடர்ந்த உள்முடியும் உண்டு. சித்திரை, வைகாசியில் அது ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை விட்டு எழுவதே இல்லை. மற்ற இரண்டும் வெயிலை இதைவிட நன்றாகத் தாங்குகின்றன.

என் முடிவுக்கு உண்மையான காரணம் வேறு, அது உண்ணி. நாய் வாங்கும்போது யாரும் இதைப் பேசுவதில்லை. வாங்கிய பிறகோ வீட்டில் பேச்சே இதுவாகிவிடுகிறது. நம் பக்கத்து நாய்களைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி, வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் உடலில் கழிப்பதில்லை. குஞ்சுப் பருவத்தில் ஒருமுறை, இளம் பருவத்தில் ஒருமுறை, வளர்ந்த பிறகு ஒருமுறை என்று நாயின் மேல் ஏறி இரத்தம் குடித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் கீழே விழுந்து இடுக்கு தேடிப் போய்விடுகிறது. வயிறு உப்பிய பெண் உண்ணி சுவரேறி, விரிசலிலோ மரப்பொருத்திலோ ஒளிந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. குளிர்காலம் என்று ஒன்று இல்லாத நம் ஊரில் இந்தச் சுழற்சி ஆண்டு முழுவதும் ஓய்வின்றி நடக்கிறது. இரை கிடைக்காவிட்டாலும் வளர்ந்த உண்ணி பல மாதங்கள் காத்திருக்கும். ஆகவே நாயை மட்டும் மருந்து போட்டுக் குளிப்பாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிட முடியாது.

இப்போது பழைய செட்டிநாட்டு வீட்டை நினைத்துப் பாருங்கள். முகப்பு, வளவு (முதல் முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாங்கட்டு (அதற்கடுத்த முற்றம்) என்று நீளும் வீட்டில் எத்தனை கதவு நிலைகள், எத்தனை உத்தரங்கள், எத்தனை சிற்ப வேலைப்பாடுகள்! சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்துப் பூசிய சுவர் நல்ல நிலையில் இருக்கும்வரை கண்ணாடியாக வழுவழுக்கிறது. பூச்சு வெடித்த இடத்திலோ உண்ணிக்குத் தங்க இடம் கிடைத்துவிடுகிறது. சிமெண்டுக் கூண்டு கட்டி நாய் வளர்ப்பவர்கள் விரிசல்களில் தீயைக் காட்டி உண்ணியை அழிப்பதுண்டு. பர்மா தேக்கு நிலைக்குப் பக்கத்தில் அதை நினைத்தும் பார்க்க முடியாது. மருந்து தெளிக்கலாம் என்றாலோ, கூட்டுக்குடும்ப வீட்டில் தவழும் குழந்தையும் தரையில் பாய் விரித்துப் படுக்கும் பெரியவர்களும் இருப்பார்கள். வீட்டில் பூனையும் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நாய்க்குப் பயன்படுத்தும் பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனையின் உயிரையே பறித்துவிடும்.

எனவே உண்ணியை அது கீழே விழுவதற்கு முன்பே, நாயின் உடலிலேயே கண்டுபிடித்துவிட வேண்டும். மூன்று நாய்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. நாட்டுநாய்க்கு உண்ணி ஏறாது என்று சிலர் சொல்வதில் உண்மையில்லை. எங்கள் செவலை மேலும் ஏறத்தான் செய்கிறது. ஆனால் அதன் முடி குட்டை, காது நிமிர்ந்தது. காதின் உட்புறம், கழுத்துப்பட்டையின் அடி, விரலிடுக்கு, வாலின் அடிப்பகுதி ஆகிய இடங்களை மாலையில் திண்ணையில் உட்கார்ந்தபடியே விரலால் தடவிப் பார்த்துவிடலாம். அண்ணன் வீட்டு லாப்ரடாருக்கு அதே வேலையைச் செய்ய இருவர் வேண்டும். தொங்கும் காதைத் தூக்கிப் பிடித்து, உள்முடியை விலக்கி விலக்கிப் பார்த்தாலும் மிளகளவு உப்பிய பிறகுதான் பல உண்ணிகள் கையில் படுகின்றன. உண்ணியைக் கொல்லும் மாத்திரை கொடுக்கலாம் என்றால், ஃப்ளூராலனர், அஃபாக்ஸோலனர் போன்றவற்றின் அளவு நாயின் எடையைப் பொறுத்தது. வளர்ந்த லாப்ரடார் 25 முதல் 36 கிலோ வரை இருக்கும். நாட்டுநாய் பெரும்பாலும் 20 கிலோவைத் தாண்டுவதில்லை. எடைக்கேற்ப மாத்திரையின் விலையும் ஏறுவதால், நாயின் ஆயுள் முழுவதும் இந்தச் செலவு தொடர்கிறது.

இதைச் சின்ன விஷயமாக நினைத்துவிடக் கூடாது. உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பபேசியா நோய்கள் நாயின் இரத்தத்தைத் தாக்குகின்றன. சோர்வு, காய்ச்சல், சாப்பாட்டை மறுத்தல், ஈறு வெளுத்தல், சில வேளைகளில் மூக்கிலிருந்து இரத்தம் வடிதல் ஆகியவை அறிகுறிகள். எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரையை வழக்கமாக நான்கு வாரம் கொடுக்கிறார்கள். பபேசியாவுக்கு மருந்தே வேறு. எது என்று தெரிய இரத்தப் பரிசோதனை வேண்டும் என்பதால், நாய் ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் ஒதுங்கிப் படுத்தாலே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்விட வேண்டும்.

லாப்ரடார் தெளிவாக முந்துகிற இடங்களும் உண்டு. தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக் கடற்கரைக்குப் போனால், பாக் நீரிணையின் ஆழமில்லாத, அலை குறைந்த தண்ணீரில் அது காட்டும் மகிழ்ச்சி பார்ப்பவரையும் தொற்றிக்கொள்கிறது. எங்கள் செவலை ஈர மணலோடு நின்றுவிடும். ஆனால் கடலில் குளித்த லாப்ரடாரை வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசி, காதின் உட்புறத்தைத் துடைத்து உலர்த்தாவிட்டால் காதில் சீழ் வைத்துவிடும். விருந்தினர் வருகையிலும் அதற்கே முதலிடம். கல்யாணம், சாந்தி (வயது நிறைவு விழா) என்று பங்காளிகள் எல்லாம் பெரிய வீட்டில் கூடும் நாட்களில் லாப்ரடார் வளவிலேயே வாலாட்டி நிற்கிறது; எங்கள் செவலையை இரண்டாங்கட்டுக்குப் பின்னால் கட்டிவைக்க வேண்டியிருக்கிறது. விசேஷங்கள் அடிக்கடி நடக்கும் வீட்டார் இதை மனத்தில் வைத்து முடிவு செய்வது நல்லது.

விசேஷ வீட்டில் இன்னொரு கவனமும் தேவை. 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பசி அடங்குவதோடு தொடர்புடைய மரபணு ஒன்றில் குறைபாடு இருப்பதைக் கண்டறிந்தார்கள். லாப்ரடார் எவ்வளவு போட்டாலும் சாப்பிடும் என்பதால், பந்தி மிச்சத்தை அன்போடு வைப்பவர்களைத் தடுக்க வேண்டும். சின்ன வெங்காயம் நிறையச் சேரும் நம் குழம்புகள் எந்த நாய்க்கும் ஆகாது; வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன.

சிப்பிப்பாறை அழகான நாய். முடி குட்டையாதலால் உண்ணி தேடுவதில் அது நாட்டுக்குட்டிக்குச் சமம். ஆனால் அது ஓடும் இரையைக் கண்ணால் கண்டதும் துரத்துவதற்கென வளர்க்கப்பட்ட இனம். நம் கண்மாய்க் கரைகளில் காலை வேளையில் ஆடு, மயில், முயல் குறுக்கே வராத நாளே இல்லை. மயிலைப் பிடித்துவிட்டால் அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். ஆட்டைக் கடித்துவிட்டால் அதை மேய்க்கும் கீதாரிக்குப் பதில் சொல்ல வேண்டும். சுற்று வேலி போட்ட தோட்டம் உள்ளவர்களுக்கே அதைப் பரிந்துரைப்பேன். பழகிய சிப்பிப்பாறை வடத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கும் என்று வளர்த்தவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் அனுபவம் என்னுடையதைவிடப் பெரியது. 

எந்த நாயானாலும் வெளியே கூட்டிப்போகும் இடத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். குடிநீர் ஊரணியில் நாயை இறக்கக் கூடாது. பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டுவிட்ட கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்களை மதித்து, வேட்டங்குடிச் சரணாலயத்தின் பக்கமே நாயைக் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது. கோவிலுக்குப் போகும் வழியில் மூடிய காரில் நாயை விட்டுச் செல்வது, நிழலில் நிறுத்தினாலும், அதன் உயிருக்கே ஆபத்து. தார்ச்சாலையில் புறங்கையைச் சில நொடி வைக்க முடியவில்லை என்றால் அன்றைய நடையை மாலைக்குத் தள்ளிப்போட வேண்டும்.

நாட்டுக்குட்டி எடுக்க முடிவு செய்தவர்கள், அது தாய்ப்பால் மறந்த பிறகே எடுக்கட்டும். பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய தொற்றுநோய்களுக்கான தடுப்பூசிகள் முழுமையாகப் போட்டு முடியும்வரை தெருவில் இறக்க வேண்டாம். மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும், உரிய வயதில் கருத்தடை அறுவைசிகிச்சையும் தவறக் கூடாது. வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும், என்ன குணம் வரும் என்பதைக் குட்டியிலேயே கணிக்க முடியாது. இந்த ஒன்றில் லாப்ரடார் வாங்குபவருக்கே உறுதி அதிகம். வந்த முதல் வாரத்திலிருந்தே காதையும் விரலிடுக்கையும் தொட்டுப் பார்க்கப் பழக்கிவிட்டால், வளர்ந்த பிறகு உண்ணி எடுக்கும்போது நாய் கையைத் தட்டிவிடாமல் நிற்கும்.